இடப்பக்கச் செடியை மொட்டையடித்தேன்

எங்கள் ஸ்கார்பரோ வீட்டு பேஸ்மென்ட்டில், வாஷிங் மெஷினுக்கும் ஃபர்னேஸுக்கும் நடுவில், நாலடிக்கு இரண்டடி அளவில் ஒரு கறுப்புக் கூடாரம் நிற்கிறது. உள்பக்கம் முழுக்க வெள்ளித்தாள் போலப் பளபளப்பு. மேலே 200 வாட் எல்இடி விளக்கு, மூலையில் ஒரு சின்ன ஃபேன், காற்றை வெளியே இழுக்க இன்னொன்று. உள்ளே இரண்டு தக்காளிச் செடிகள். வெளியே மைனஸ் பதினைந்து டிகிரி ஓடும்போது கீழே இறங்கி ஜிப்பைத் திறந்தால் மார்கழியில் சித்திரை வந்து முகத்தில் அடிக்கும்.

கூடாரமும் விளக்கும் புதியவை அல்ல. இரண்டு தெரு தள்ளி இருந்த ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். அவர் அதில் கஞ்சா வளர்த்தவர். உடனே புருவத்தைத் தூக்க வேண்டாம், கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் அது சட்டப்படி சரி. ஒன்டாரியோவில் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வைத்துக்கொள்ளலாம். அவர் காண்டோவுக்கு, அதாவது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறார், அங்கே இடமில்லை, அதனால் விற்றுவிட்டார். காரில் ஏற்றும்போது என் திட்டத்தைக் கேட்டுவிட்டு இலவசமாக ஒரு யோசனையும் சொன்னார். பெரிய இலை எங்கே கண்டாலும் பிடுங்கிவிடு, வெளிச்சம் கீழே இறங்க வேண்டும், அதுதான் முழு ரகசியம் என்று. அவருக்கு அது பலித்திருக்கலாம். எனக்கு ஒரு செடி போனது.

விதை போட்டது செப்டம்பர் இரண்டாம் வாரம். சன்கோல்ட் என்ற ரகம். கோலிக்குண்டு அளவில் ஆரஞ்சு நிறத்தில் பழுக்கும், தேன் மாதிரி இருக்கும், நுனி நிற்காமல் கொடி போல வளர்ந்துகொண்டே போகும். அக்டோபர் 19-ல் நாற்றுகளை ஆளுக்கு 19 லிட்டர் துணிப்பையில் மாற்றினேன். பையில் மண் இல்லை, தேங்காய் நார்க்கழிவுதான். இங்கே அதைச் செங்கல் மாதிரி அழுத்தி, 'இலங்கைத் தயாரிப்பு' என்று அச்சிட்டு டாலர் கணக்கில் விற்கிறார்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி போடும் என் மாமனாருக்கு அந்த விலைச் சீட்டை வாட்ஸ்அப்பில் காட்டியபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கயிறு திரிக்கிற இடத்தில் அது மலை மாதிரிக் குவிந்து கிடக்குமாம்.

விளக்கு காலை ஆறு மணிக்கு எரியும், இரவு பத்துக்கு அணையும். போனில் இருக்கும் ஆப் வைத்து அளந்தால் செடியின் நுனியில் 400 மைக்ரோமோல் சுமார் காட்டியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும், செடிக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு அது. பதினாறு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 23 மோல் வருகிறது. தக்காளிக்கு 20 முதல் 30 வரை இருந்தால் காய்க்கும் என்பார்கள். போன் ஆப் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப முடியாதுதான், ஆனால் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். இன்னும் வெளிச்சம் வேண்டுமே என்று இருபத்து நாலு மணி நேரமும் எரியவிடக் கூடாது. தக்காளிக்கு இருட்டு கொஞ்சமாவது வேண்டும், இல்லாவிட்டால் இலை மஞ்சள் பாய்ந்துவிடும்.

டிசம்பர் கடைசியில் உள்ளே காடு. செடி ஒவ்வொன்றும் இரண்டு மீட்டரைத் தொட்டு, கயிற்றைச் சாய்த்துக் கட்டியும் விளக்கில் இடிக்கப் பார்த்தது. இலை ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். இரவில் விளக்கு அணைந்த பிறகு ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போனது. கீழே, பைக்குப் பக்கத்தில், போனை நீட்டினால் 15, 18 என்று காட்டியது. மேலே 400, கீழே 15. அந்த வெளிச்சத்தில் ஓர் இலை தன் மூச்சுக்கு ஆகிற செலவைச் சம்பாதிப்பதே பெரும் பாடு. அடி இலைகள் இரண்டு ஏற்கெனவே வெளுத்துவிட்டன. ஒன்று ஈரப் பையின் மேல் படுத்து, ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூனைமுடி மாதிரிப் பூத்திருந்தது. சாம்பல் பூஞ்சணம். இனிச் சும்மா இருக்க முடியாது.

ஜனவரி முதல் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். இடப்பக்கச் செடியில் 28 இலைகள்.

இலை எடுப்பது எப்படி என்று ஒரு வார்த்தை. கத்தரி வேண்டாம் என்றே சொல்வேன். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் கொஞ்சம் வீங்கினாற்போல இருக்கும். கட்டைவிரலை அதன் மேல்பக்கம் வைத்து, முதலில் லேசாக மேலே தூக்கி, பிறகு சட்டென்று கீழே அழுத்தினால் 'டொக்' என்று ஒடியும். வெண்டைக்காய் முற்றலா என்று சந்தையில் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அந்தச் சத்தம். செடி தண்ணீர் குடித்து விறைப்பாக இருந்தால் தண்டில் குண்டுமணி அளவு வட்ட வடு மட்டும் விழும், ஒரு நாளில் காய்ந்துவிடும். வாடிய நேரத்தில் செய்தால் தோல் நார் மாதிரி உரிந்துகொண்டு கீழே வரை இறங்கும். ஆகவே காலையில், தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்துச் செய்வது நல்லது. நான் இரவில் செய்தேன். மூன்று இடத்தில் உரிந்தது.

பத்து இலை தாண்டியதும் விரல்கள் பச்சைக் கறுப்பாகிவிட்டன. தக்காளி வேலை செய்தவர்களுக்கு அந்தப் பிசின் தெரியும். இலையிலும் தண்டிலும் இருக்கும் நுண்ணிய மயிர்களின் தலையில் உள்ள சுரப்பி உடைந்து கையில் படிவது அது. காய்ந்தால் தார் மாதிரி. சோப்புப் போட்டால் நுரை பளிச்சென்று மஞ்சளாகும், துண்டில் துடைத்தால் துண்டும் மஞ்சள். என் மனைவியின் வெள்ளைத் துண்டு ஒன்று இந்தப் பதிவுக்காக உயிர்விட்டது. பாதி எலுமிச்சையைத் தேய்த்த பிறகு கழுவினால் சீக்கிரம் போகிறது.

ஒரு கணக்கும் இல்லாமல் கை போய்க்கொண்டே இருந்தது. காய்க்கொத்தை மறைக்கும் இலையா, எடு. விளக்கை மறைக்கும் இலையா, எடு. அது ஒரு போதை. எடுக்க எடுக்கக் கொத்துகள் வெளியே தெரிகின்றன, கூடாரம் சுத்தமாகிறது, ஏதோ பெரிய வேலை செய்த நினைப்பு வருகிறது. நிமிர்ந்து பார்த்தபோது செடியில் பத்தே இலை மிச்சம். தரையில் பதினெட்டு.

அந்த நேரம் பார்த்து மாமாவிடமிருந்து வீடியோ கால். அவருக்குக் காலை ஆறரை தாண்டியிருந்தது, தோட்டத்துக்குக் கிளம்பும் நேரம். போனைக் கூடாரத்துக்குள் திருப்பினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"என்ன மாப்ளே, ஆடு கீடு உள்ள பூந்துருச்சுங்களா?"

"இல்லைங்க மாமா, பழத்துக்கு வெளிச்சம் படட்டும்னு நான்தான் எடுத்தேன்."

"பழத்துக்கு எதுக்கு வெளிச்சம்? நாங்க செங்காயாப் பறிச்சுப் பெட்டியில அடைச்சு லாரி ஏத்துறோம். அது இருட்டுக்குள்ளதான பழுக்குது?"

பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை நாள் அவர் வீட்டு முற்றத்தில் அந்தப் பெட்டிகளை அடுக்கிப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது உறைக்கவே இல்லை. வலப்பக்கச் செடியைத் தொடாமல் ஜிப்பை மூடினேன்.

அவர் சொன்னதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. கஞ்சாச் செடியில் அறுவடையே பூதான். அந்தப் பூங்கதிரும் அதை ஒட்டிய சின்ன இலைகளும் பச்சையாக நின்று தாமே வெளிச்சம் பிடித்துச் சமைக்கின்றன. கூடாரம் விற்றவர் பூவுக்கு வெளிச்சம் பாய்ச்ச நினைத்ததில் அர்த்தம் உண்டு. தக்காளியில் நாம் பறிப்பது பழம். பச்சைக் காய் கொஞ்சம் வெளிச்சம் பிடிக்கும்தான், ஆனால் அதன் சர்க்கரையில் பெரும்பங்கு இலையிலிருந்துதான் வருகிறது. முக்கியமாக அந்தக் கொத்துக்கு மேலும் கீழும் பக்கத்தில் இருக்கும் இலைகளிலிருந்து. பழுப்பது எத்திலீன் வாயுவாலும் சூட்டாலும். ஆக, கொத்தை மறைத்துக்கொண்டு நின்ற இலைதான் அந்தக் கொத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. பழம் வெளிச்சம் காணட்டும் என்று நான் அடுப்பை உடைத்திருக்கிறேன்.

வெட்டவெளியில் இதைச் செய்தால் இன்னொரு வினையும் உண்டு. போன கோடையில் கொல்லைப்புறத்தில் இப்படித்தான் இலையைக் கழித்தேன். ஒரே வாரத்தில் பழங்களின் தோளில் வெள்ளைத் தழும்பு விழுந்து, தோல் காகிதம் போலாகிவிட்டது. வெயில் பட்ட சூடு. அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

சரி, மறுநாளிலிருந்து நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தெரிந்தது தண்ணீர்க் கணக்கு. சின்ன பம்ப் ஒன்று டைமரில் ஓடி ஒரு செடிக்கு நாளைக்கு இரண்டு லிட்டர் உரநீர் விடும். குடித்தது போக மிச்சம் பைக்கு அடியில் தட்டில் வடியும். அதை ஒரு ஜாடியில் அளப்பது என் பழக்கம். அதற்கு முந்தின நாள் வரை இரண்டு பக்கமும் 300 மில்லி அளவில் வடிந்தது. திங்கள் மாலை இடப்பக்கத் தட்டில் 1,150 மில்லி. இலை மூன்றில் இரண்டு பங்கு போனால் மூச்சு வழியாகப் போகிற தண்ணீரும் போகாது, இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதிசயம் என்னவென்றால், அளந்து நோட்டில் எழுதிவிட்டு டைமரை மாற்றாமல் மேலே போய்ச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலை கீழே போனால், முதல் கொத்தில் பழுத்து நின்ற பதினான்கு பழங்களில் ஒன்பது வெடித்திருந்தன. காம்பைச் சுற்றித் தொடங்கி, கீழ்நோக்கி ஒரு பிளவு. சன்கோல்ட் தோல் மெல்லியது, தண்ணீர் சற்றுக் கூடினாலே வெடிக்கும் என்று பேர் வாங்கிய ரகம். வேர் இழுத்துக்கொண்டே இருக்கிறது, வெளியே விட இலை இல்லை, எல்லாம் பழத்துக்குள் போய் முட்டியிருக்கிறது. ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன். தண்ணீராக இருந்தது.

பம்பைப் பாதியாகக் குறைத்தேன். வெடிப்பு நின்றது, ஆனால் செடி தேறவில்லை. ஒரு வாரத்தில் நுனி இலைகள் தடித்து, மேல்நோக்கிச் சுருண்டு, குழல் மாதிரி ஆயின. நோய் என்று பயந்து தலைகீழாகப் பார்த்தேன், பூச்சியும் இல்லை, புள்ளியும் இல்லை. அளவுக்கு மீறிக் கழித்தால் தக்காளி இப்படிச் சுருளும். நான்காம் கொத்தில் பூ பாதி உதிர்ந்தது. இன்னொரு பக்கம், கணு இடுக்கில் எல்லாம் பக்கத் தளிர்கள் படை எடுத்தன. இலை போன துக்கத்தைச் செடி அப்படித்தான் ஈடுகட்டப் பார்க்கிறது. வாரம் ஒருமுறை கிள்ளியது போய், இரண்டு நாளைக்கு ஒருமுறை கிள்ள வேண்டி வந்தது. தளிரைச் சுண்டுவிரல் நீளம் தாண்டும் முன்பே கிள்ளிவிட வேண்டும், அதற்கு மேல் போனால் வடு பெரிதாகும்.

வலப்பக்கம் என்ன செய்தேன் என்பதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

லீமிங்டன் என்று இங்கே தென்மேற்கே ஓர் ஊர், ஏரி ஈரிக் கரையில். கண்ணாடிக்கூடத் தக்காளிக்குப் பேர்போன இடம். அங்கே ஒரு கூடத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். அவர்கள் செடியை மூன்று மீட்டருக்கு மேல் உயரத்தில் கம்பியில் தொங்கவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை கயிற்றை இறக்கிச் செடியைப் பக்கவாட்டில் நகர்த்துவார்கள். இலை இல்லாத அடித்தண்டு பாம்பு மாதிரி வரிசையோடு கீழே படுத்துக்கிடக்கும். வாரத்துக்கு ஒரு செடியில் இரண்டு மூன்று இலைதான் எடுப்பார்களாம், அதுவும் கீழிருந்து மட்டும். வாரம் மூன்று புது இலை மேலே வருகிறது, மூன்று பழைய இலை கீழே போகிறது. செடியில் எப்போதும் பதினைந்து முதல் பதினெட்டு வரை நிற்கும். எங்கே நிறுத்துவது என்று கேட்டேன். பழுக்கத் தொடங்கிய கொத்து எதுவோ அதுவரைக்கும்தான், அதற்கு மேலே கை வைத்தால் சூப்பர்வைசர் கத்துவார் என்றார்.

காரணம் எளிது. பழம் நிறம் மாறத் தொடங்கிய கொத்து தன் சாப்பாட்டை அநேகமாக முடித்துவிட்டது. அதற்குக் கீழே இருக்கும் இலைகள் நிழலில் நின்று, வயதாகி, ஈரத்தைப் பிடித்து வைப்பதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை. அவை போனால் யாருக்கும் நஷ்டமில்லை, அடியில் காற்று ஓடும்.

வலப்பக்கச் செடியில் முதல் நாள் மூன்று இலை எடுத்தேன், நாலு நாள் கழித்து இன்னும் மூன்று. அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் காலையில் மூன்று. மூன்று வாரத்தில் பதினாறில் வந்து நின்றது, இன்றுவரை அப்படியே ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் தட்டில் வடியும் தண்ணீரை அளந்து, 400 மில்லி தாண்டினால் பம்ப் நேரத்தை ஒரு நிமிஷம் குறைக்கிறேன். இரவு ஈரப்பதம் 70-க்கு இறங்கியது. கீழே போன் காட்டுவது 15-லிருந்து 60 ஆனது. ஆனால் அங்கே வெளிச்சம் பிடிக்க இப்போது ஒன்றுமில்லை. அதனால் அந்த எண்ணைப் பார்த்துப் பெருமைப்பட ஏதுமில்லை.

கூடாரம் ஆறடிதான், லீமிங்டன் மாதிரி கம்பி கட்ட முடியாது. மேலே குறுக்குக் கம்பியில் இரண்டு கொக்கி மாட்டி, கயிற்றில் ஒன்றரை மீட்டர் அதிகம் விட்டு, இலை போன அடித்தண்டைப் பையைச் சுற்றி மெதுவாக வளைத்துப் படுக்க வைத்தேன். சுற்றுவதற்கு முந்தின நாள் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் தண்டு வளைந்து கொடுக்கும். நல்ல விறைப்பில் வளைத்தால் முறியும். இலை ஒடிப்பதற்கு நேர் எதிர். இந்த இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் சில. ஒடியாமல் கத்தரியால் வெட்ட நேர்ந்தால் காம்பில் துண்டு மிச்சம் வைக்கக் கூடாது. இடப்பக்கத்தில் நான் விட்ட அரை அங்குலக் கட்டை ஒன்றில்தான் சாம்பல் பூஞ்சணம் ஏறித் தண்டுக்குள் இறங்கியது. கத்தரியை ஆல்கஹாலில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த செடிக்குப் போக வேண்டும். சிகரெட் பிடிக்கிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் உள்ளே வரக் கூடாது, புகையிலை மொசைக் வைரஸ் கையோடு வந்து தக்காளியில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கு வரும் ஒருவருக்காகவே ஜிப்பில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், அவர் இதைப் படிப்பார்.

மகரந்தத்துக்குத் தேனீ கிடையாது. லீமிங்டனில் பெட்டி பெட்டியாகக் குண்டுத் தேனீ வைக்கிறார்கள். என்னிடம் இருப்பது பழைய எலெக்ட்ரிக் பல்துலக்கி. பகல் பதினொரு மணி வாக்கில் பூக்கொத்தின் காம்பில் இரண்டு நொடி வைத்தால் மஞ்சள் தூள் புகை மாதிரி விழும். ஈரப்பதம் 85-ல் இருந்த நாட்களில் அந்தத் தூள் விழவே இல்லை, ஒட்டிக்கொண்டது. இலை குறைத்ததில் எனக்குக் கிடைத்த உண்மையான லாபம் இதுவென்றே நினைக்கிறேன்.

மார்ச் பாதி வரை எடை போட்டு எழுதியதில் வலப்பக்கம் 2 கிலோ 340 கிராம், இடப்பக்கம் 980 கிராம், அதிலும் வெடித்தது 200 கிராம். இரண்டே செடி, ஒரே கூடாரம். இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இடப்பக்கச் செடி பூஞ்சணம் விழாமலிருந்தால் இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கும், அந்தப் பூஞ்சணத்துக்கும் நான்தான் பொறுப்பு.

போன சனிக்கிழமை அதை வெட்டிப் பையைக் கவிழ்த்தேன். வேர் அடர்ந்து, வெள்ளையாக, ஆரோக்கியமாக இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. காலியான இடத்தில் கத்தரி நாற்று ஒன்று வைத்திருக்கிறேன், இப்போது நாலு இலை. வலப்பக்கச் செடியின் நுனி அந்தப் பக்கம் சாயத் தொடங்கிவிட்டது.

மாமாவுக்கு எடைக் கணக்கை அனுப்பினேன். கரண்ட் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்று கேட்டார். விளக்கு மட்டும் மூன்று யூனிட்டுக்கு மேல் என்றேன். கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டுவிட்டு, "கிலோ என்ன விலைக்கு விக்கிறீங்க மாப்ளே?" என்றார். விற்பதில்லை, சாப்பிடுகிறோம் என்றேன். அடுத்த வாரம் ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது நார்க்கழிவு கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டார்.